ராஜாவின் மூக்கைப் பாருங்க: பழைய வெள்ளிப் பதக்கத்தைச் சோதிக்கும் விதம்

சேலம் செவ்வாப்பேட்டையில் எனக்குக் கொலுசுப் பட்டறை. வெள்ளி வந்தால் உரைகல், கத்தரி, பூந்திக்கொட்டைத் தண்ணி மூன்றுக்கும் கை தானாகப் போகும். பழைய பதக்கம் என்றால் மூன்றையும் தூர வையுங்க. ஒருமுறை விக்டோரியா ரூபாய் ஒன்றைப் பித்தளைப் பிரஷ்ஷில் தேய்த்துப் பளபளவென்று கொடுத்தேன். பழைய நிறம் போச்சென்று வாங்கினவர் முகம் செத்துப்போச்சு.

போன ஐப்பசியில் ஒருத்தர், ஏற்காட்டு பங்களாச் சாமானோடு வந்ததென்று உள்ளங்கை அகல வில்லை ஒன்றைக் கொண்டுவந்தார்.

"பாருங்கண்ணா, உள்ளே பொக்கா இருக்குதுங்க."

ஒரு பக்கம் சுருட்டைமுடி ராஜா. மறுபக்கம் பாய் விரித்த கப்பல்கள், மேலே கொம்பூதும் தேவதை. இங்கிலாந்தின் இரண்டாம் சார்லஸ். அப்பன் தலையை 1649-ல் வெட்டினார்கள். மகன் நாடோடியாகத் திரிந்து, 1660-ல் ஹாலந்தின் ஸ்கேவெனிங்கனில் கப்பலேறி அரியணைக்குத் திரும்பினான். அதற்கு டச்சுக்காரர் பீட்டர் வான் அபீல் செய்த பதக்கம் இது. ஏறக்குறைய 7 செ.மீ. அகலம்.

கெட்டிப் பதக்கத்துக்குத் தண்ணி எடை போதும். ஐந்தாம் ஜார்ஜ் ரூபாயில் பழகிக்கொள்ளுங்க. அதன் எடை 11.66 கிராம். தராசில் தண்ணி டம்ளரை வைத்து சைபர் ஆக்கி, ரூபாயை நூலில் கட்டி, அடி தொடாமல் முக்கினால் 1.13 காட்டும். எடையை அதால் வகுத்தால் 10.3. நல்ல வெள்ளி. சுத்த வெள்ளிக்கு 10.5, செம்புக்கு 9-க்குக் கொஞ்சம் கீழே.

அபீல் பதக்கத்தை மட்டும் முக்கவே முக்காதீங்க. இரண்டு மெல்லிய தகடுகளை ஓரத்தில் இணைத்தது அது. உள்ளே காற்று இருப்பதால் அசலையும் கணக்கு போலியாக்கிவிடும். ஊசித்துளை இருந்தால் தண்ணி புகுந்து தங்கிவிடும். ஓரத்தில் ஜோடு, அதாவது இணைப்புக் கோடு, தெரிந்தால் போலி என்ற பேச்சும் இதற்கு ஆகாது. தொல்லை என்னவென்றால், 19-ஆம் நூற்றாண்டில் மின்முலாம் முறையில் எடுத்து, மேலே வெள்ளி பூசிய செம்பு நகல்களிலும் அதே ஜோடு இருக்கும்.

அதனால் மூக்கைப் பாருங்க. காலை வெயிலில் சாய்த்துப் பிடித்து, பத்து மடங்கு லென்ஸில் மூக்கு, கன்னம், முடிச்சுருள். தேய்ந்த மேட்டில் வெள்ளையே தெரிந்தால் வெள்ளி. சிவப்பு எட்டிப் பார்த்தால் நகல். வெள்ளியிலேயே வார்த்த நகலும் உண்டு. அதில் எழுத்தோரம் மழுங்கி, பள்ளத்தில் குமிழ்க்குழி இருக்கும். கடைகளில் வெள்ளியின் தரம் பார்த்துச் சீட்டு கொடுக்கும் டச் மிஷின் மேல்தோலைத்தான் படிக்கும். அந்தச் சீட்டை வைத்து விலை பேசாதீங்க.

பதக்கத்தில் தேதி ஜூன் 2 என்றிருக்கும். இங்கிலாந்துக் கணக்கில் அதே நாள் மே 23. அங்கே அப்போது பழைய காலண்டர், பத்து நாள் பின்னால். தேதி தப்பென்று தள்ளிவிடாதீங்க.

வந்தவரிடம் லென்ஸைக் கொடுத்தேன். மூக்கு நுனியில் கடுகளவு சிவப்பு. கொஞ்ச நேரம் பேச்சில்லை.

"அப்ப உருக்கி, புள்ளைக்குக் கொலுசாச்சும் அடிச்சுக் குடுங்கண்ணா."

"உருக்குனா செம்புதானுங்க வரும்."