ஆபீசில் ஒரு ‘பைக் இல்லாத மாதம்’ போட்டி நடத்துவது எப்படி?

டெல்டாவில் மிதிக்கச் சிரமப்படுத்தும் மேடு என்று பெரிதாக எதுவும் இல்லை. சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் 2021 முதல் பெண்களுக்குக் கட்டணமும் இல்லை. ஆனாலும் இரண்டு கிலோமீட்டருக்குக்கூட பைக்கைக் கிளப்புகிறோம். அறிவுரை சொல்லி யாரும் மாறப்போவதில்லை; போட்டி வையுங்கள்.

முதலில் மாதத்தைத் தேர்ந்தெடுங்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வேண்டாம். தை அறுவடையில் ரோட்டிலேயே நெல்லும் வைக்கோலும் காயும், சைக்கிள் வழுக்கும். மாசிதான் சரி.

அடுத்து, ஒரு வாரம் யார் எதில் வருகிறார்கள் என்று மட்டும் குறித்து வையுங்கள். பரிசைப் பற்றி அப்போது மூச்சு விடாதீர்கள். அப்புறம் ஐந்தைந்து பேராகக் குழு பிரியுங்கள். பக்கத்தில் இருப்பவரும் தூரத்திலிருந்து வருபவரும் கலந்து இருக்கட்டும்.

இனி மதிப்பெண். போட்டி நிலைப்பதும் கெடுவதும் இதில்தான். கிலோமீட்டருக்கு மதிப்பெண் தராதீர்கள், நாளுக்குத் தாருங்கள். நடை, சைக்கிள், பஸ், ரயில் எதுவானாலும் நாளைக்கு 2. ஒரே பைக்கில் இருவர் வந்தால் ஆளுக்கு 1. பாபநாசத்திலிருந்து கும்பகோணத்துக்கு ரயிலில் வருபவரும் அடுத்த தெருவிலிருந்து நடந்து வருபவரும் இதில் சமம். வேகத்துக்கு மதிப்பெண் கூடவே கூடாது, அது ஆபத்து. அந்த முதல் வாரக் கணக்கைவிட அதிகம் முன்னேறிய குழுவுக்கே வாரக் கோப்பை. அப்போதுதான் கடைசியில் இருப்பவர்களும் விலக மாட்டார்கள்.

கோப்பைக்கு ஒரு தஞ்சாவூர் தலையாட்டி பொம்மை போதும். திங்கள்தோறும் ஜெயித்த குழுவின் மேஜைக்கு அது இடம் மாறட்டும். அடுத்த மேஜைக்காரர் தட்டிவிட்டு ஆட்டிப் பார்ப்பார், பேச்சு தானாகப் பரவும். இதோடு ஒரு குலுக்கலும் வையுங்கள்: பைக் எடுக்காத ஒவ்வொரு நாளுக்கும் பெயர் எழுதிய சீட்டு ஒன்று எவர்சில்வர் டப்பாவில். வெள்ளி மாலை ஒன்றை எடுங்கள். பரிசு ரெயின்கோட், டிபன் கேரியர், வாரம் முழுக்க டிகிரி காபி என்று இருக்கட்டும். பணம் வேண்டாம். பணத்துக்காக வந்தவர் பணம் நின்றதும் பைக்குக்குத் திரும்பிவிடுவார்.

நோட்டீஸ் போர்டில் கணக்கும் எழுதுங்கள். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ கரியமில வாயு. தினமும் போக வர 10 கிலோமீட்டர், மாதம் 20 நாள், லிட்டருக்கு 50 கிலோமீட்டர் என்றால் ஒருவருக்கு 4 லிட்டர், 9 கிலோவுக்கு மேல்.

போட்டி தொடங்கும் முன்பே சைக்கிள் ஸ்டாண்டுக்குக் கூரையும் ஒரு காற்றுப் பம்பும் கேட்டு வாங்கிவிடுங்கள். பொம்மையை மாதக் கடைசியில் பீரோவில் பூட்ட வேண்டாம், அது மேஜை மேஜையாகச் சுற்றட்டும்.