பழைய டிஎஸ்எல்ஆரா, புதிய சூப்பர்ஜூமா? வீட்டிலேயே சோதித்துப் பார்ப்பது எப்படி

பீரோவில் பழைய டிஎஸ்எல்ஆர் (லென்ஸ் மாற்றக்கூடிய பெரிய கேமரா) ஒன்று சும்மா கிடக்கிறது. கடைக்குப் போனால், சட்டைப் பையில் அடங்குகிற சூப்பர்ஜூம் கேமரா ஒன்று ‘40 மடங்கு ஜூம், 20 மெகாபிக்சல், 4கே வீடியோ’ என்று ஆசை காட்டுகிறது. பழையதை விற்றுவிட்டு இதை வாங்கிவிடலாமா? அட்டைப்பெட்டியில் அச்சடித்த எண்களை வைத்து இதற்குப் பதில் சொல்ல முடியாது. ஒரு முழு நாளும் இரண்டு கேமராக்களும் கையில் இருந்தால் போதும், நீங்களே கண்டுபிடித்துவிடலாம். புதியது இல்லையென்றால் நண்பரிடம் ஒரு நாளைக்கு இரவல் கேளுங்கள்.

உதாரணத்துக்கு இரண்டு கேமராக்களை எடுத்துக்கொள்கிறேன். ஒன்று, 2008இல் வந்த நிக்கான் டி90, அதோடு வரும் 18-105 மி.மீ. லென்ஸ். இன்னொன்று, 2018இல் வந்த கேனான் பவர்ஷாட் எஸ்எக்ஸ்740 எச்எஸ். இரண்டுக்கும் நடுவே பத்து வருட இடைவெளி. உங்களிடம் வேறு மாடல் இருந்தாலும் செய்முறை இதேதான், எண்களை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்.

படி 1: பழையதைத் தூசி தட்டுங்கள்

ஐந்தாறு வருடம் மூடிக் கிடந்த கேமராவை அப்படியே எடுத்து, புதியதோடு மோதவிடுவது நியாயமில்லை. முதலில் லென்ஸைக் கழற்றி, ஒரு பக்கத்திலிருந்து டார்ச் அடித்து மறுபக்கம் பாருங்கள். சிலந்திவலை மாதிரி மெல்லிய இழைகள் தெரிந்தால் அது பூஞ்சை. கடலோர ஊர்களின் ஈரப்பதத்தில் இது சர்வ சாதாரணம். லென்ஸில் பூஞ்சை இருந்தால் படம் மங்கலாகத்தான் வரும். அதற்கு, ஒளியைப் படமாக்கும் சென்சாரைக் குறை சொல்லக் கூடாது.

அப்புறம் லென்ஸின் ஒளித்துளையை எஃப் 16இல் வைத்து (எஃப் எண் கூடினால் துளை சுருங்கும்), மேகமில்லாத வானத்தை ஒரு படம் எடுங்கள். கணினியில் பெரிதாக்கிப் பார்த்தால் சாம்பல் புள்ளிகள் தெரியும். அவை சென்சார் மேல் உட்கார்ந்த தூசி. டி90இன் மெனுவிலேயே சென்சாரை உதறிச் சுத்தம் செய்யும் வசதி உண்டு, ஓட்டிப் பாருங்கள். மெமரி கார்டு விஷயத்திலும் கவனம் தேவை: டி90 எஸ்டி, எஸ்டிஎச்சி கார்டுகளைத்தான் ஏற்கும், அதாவது 32 ஜிபி வரை. கார்டு வேலை செய்யவில்லை, கேமரா செத்துவிட்டது என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

படி 2: ஒரு சின்னக் கணக்கு

இதைத் தவிர்த்துவிட்டு நேரே படம் எடுக்கப் போகலாம். ஆனால் பிறகு பார்க்கப்போகிற படங்கள் ஏன் அப்படி வந்தன என்பது புரியாது.

டி90இன் சென்சார் 23.6 x 15.8 மி.மீ. எஸ்எக்ஸ்740இன் சென்சார் சுமார் 6.2 x 4.6 மி.மீ., ஒரு துவரம்பருப்பு அளவு. பரப்பளவில் முன்னது பின்னதைப் போல் சுமார் 13 மடங்கு. ஒரே வெளிச்சம், ஒரே துளை, ஒரே ஷட்டர் வேகம் என்றால் பெரிய சென்சார் மொத்தத்தில் 13 மடங்கு ஒளியைச் சேகரிக்கிறது. புகைப்படக்காரர்கள் பாஷையில் மூன்றரை ஸ்டாப்புக்கு மேல் (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி இரட்டிப்பு). சின்ன சென்சார் புதிய ரகம். கம்பித் தடங்கள் ஒளியுணரும் பகுதிக்குப் பின்னால் போய்விட்டதால் ஒளியை இன்னும் திறமையாகப் பிடிக்கும். அது இந்த வித்தியாசத்தில் ஒரு பங்கை ஈடுகட்டும், முழுவதையும் அல்ல.

ஜூம் எண்ணையும் பார்த்துவிடுவோம். 40 மடங்கு என்றால் பொருள் 40 மடங்கு கிட்டே தெரியும் என்று அர்த்தமில்லை. லென்ஸின் நீண்ட முனையை அகன்ற முனையால் வகுத்தால் வருவதுதான் அது: 960 ÷ 24 = 40. இந்த இரண்டும் 35 மி.மீ. ஃபிலிம் கேமராவுக்கு ஈடான அளவுகள். டி90இன் லென்ஸையும் அதே அளவுக்குக் கொண்டுவர 1.5ஆல் பெருக்க வேண்டும். 18-105 என்பது 27-157 ஆகிறது. ஆக, எட்டத்தில் ஒப்பிட வேண்டியது 157ஐயும் 960ஐயும்தான்.

படி 3: இரண்டையும் ஒரே நிலைக்குக் கொண்டு வாருங்கள்

எஸ்எக்ஸ்740 ரா கோப்பு (கேமரா மெருகேற்றாத மூலப் பதிவு) தராது, ஜேபெக் மட்டும்தான். எனவே டி90இல் ரா, ஜேபெக் இரண்டையும் பதியச் சொல்லிவிட்டு, முதல் ஒப்பீட்டை ஜேபெக்கில் நடத்துங்கள். கேனானில் டிஜிட்டல் ஜூமை முதல் வேலையாக அணையுங்கள். அது வெறுமனே படத்தை வெட்டிப் பெரிதாக்குவது. படத்தின் நீள அகல விகிதத்தை 3:2 என்று மாற்றினால் இரண்டு படங்களும் ஒரே வடிவில் வரும். நிழலைத் தானாக வெளிச்சமாக்கும் வசதிகள் இரண்டிலும் உண்டு, அவையும் வேண்டாம். வொயிட் பேலன்ஸை (எந்த விளக்கிலும் வெள்ளையை வெள்ளையாகக் காட்டும் அமைப்பு) ஆட்டோவில் விடாமல் வெயிலுக்கு வெயில், டியூப்லைட்டுக்கு டியூப்லைட் என்று நீங்களே வையுங்கள்.

கேமராவை ட்ரைபாடில் ஏற்றி, நடுக்கம் தடுக்கும் வசதியை அணைத்து, இரண்டு விநாடி டைமரில் எடுங்கள். ட்ரைபாட் இல்லையென்றால் மேஜை மேல் நாலு தடிப் புத்தகங்களை அடுக்கிக்கொள்ளலாம்.

படி 4: செய்தித்தாள் சோதனை

ஒரு தமிழ்ச் செய்தித்தாளின் வரி விளம்பரப் பக்கத்தைச் சுருக்கமில்லாமல் வெளிச்சுவரில் ஒட்டுங்கள். நேர் வெயில் வேண்டாம், பகல் நேர நிழல் போதும். கேமரா சுவருக்கு நேராக, சாயாமல் நிற்க வேண்டும். இரண்டிலும் தாள் சட்டத்தை நிரப்பும்படி ஜூமை வையுங்கள்.

இங்கேதான் ஆரம்பநிலைக்காரர்கள் பலர் சறுக்குகிறார்கள். ‘நியாயமாக இருக்கட்டும்’ என்று இரண்டிலும் எஃப் 8 வைப்பார்கள். டி90க்கு அது நல்ல துளை. துவரம்பருப்பு சென்சாருக்கு அது கெடுதல். துளை சுருங்கச் சுருங்க ஒளி விளிம்பில் வளைந்து பரவி, நுணுக்கத்தை அழித்துவிடும். எனவே டி90இல் ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளி உணர்திறன்) 200, எஃப் 8. கேனானில் ஐஎஸ்ஓ 100, அந்த ஜூமில் கிடைக்கும் மிக அகலமான துளை. அவரவர் சிறந்த நிலையில் மோதட்டும்.

கணினியில் பார்க்கும்போது 20 மெகாபிக்சல் படத்தை டி90இன் அகலமான 4288 பிக்சலுக்குச் சுருக்கிவிட்டு, பக்கத்துப் பக்கத்தில் வையுங்கள். நடுப்பகுதி, நான்கு மூலைகள் என்று பாருங்கள். எதைப் பார்ப்பது? மெய்யெழுத்தின் புள்ளியை! ‘க்’கின் தலைமேல் புள்ளி தனியாக நிற்கிறதா, எழுத்தோடு ஒட்டிப் பிசிறாகிவிட்டதா? ‘ண’வின் சுழிகளை எண்ண முடிகிறதா, ‘ன’ மாதிரி தெரிகிறதா? விலை கொடுத்து வாங்கும் சோதனை அட்டைகளுக்கு இது ஒன்றும் குறைச்சல் இல்லை.

பகல் வெளிச்சத்தில் நடுப்பகுதியில் பெரிய வித்தியாசம் தெரியாது, எதிர்பார்த்துக்கொள்ளுங்கள். சின்னக் கேமராவில் எழுத்துகளைச் சுற்றி ஒரு வெள்ளைக் கோடு ஓடுவதைக் கவனிக்கலாம். அது கேமராவே செயற்கையாகக் கூர்மையேற்றியதன் அடையாளம். காகிதத்தின் சொரசொரப்பு எதில் தெரிகிறது என்றும் பாருங்கள்.

படி 5: டியூப்லைட் சோதனை

இரவு, கூடத்தில் ஒரு டியூப்லைட். நம் வீட்டு விசேஷப் படங்களில் பாதி இந்த வெளிச்சத்தில் எடுத்தவைதானே. இரண்டையும் அகன்ற முனையில் வையுங்கள். ஒன்றில் எஃப் 3.5, இன்னொன்றில் எஃப் 3.3, ஏறக்குறைய ஒரே துளை. எனவே எல்லாவற்றையும் நாமே வைக்கிற எம் முறையில் இரண்டுக்கும் ஐஎஸ்ஓ 800, ஷட்டர் 1/50 என்று ஒரே அமைப்பைக் கொடுக்கலாம். ஏன் 1/50? நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். பழைய சோக் வைத்த டியூப்லைட் விநாடிக்கு 100 தடவை துடிக்கும். 1/100ஐவிட வேகமாகப் போனால் ஒரு படம் வெளிச்சமாகவும் அடுத்தது மஞ்சளடித்தும் வரும். பிறகு கேமராவைத் திட்டிக்கொண்டிருப்பீர்கள்.

வீட்டில் ஒருவரை அசையாமல் உட்காரவைத்து, ஐஎஸ்ஓ 800, 1600, 3200 என்று எடுங்கள். ஐஎஸ்ஓவை இரட்டிப்பாக்கும்போது ஷட்டர் நேரத்தைப் பாதியாக்குங்கள், வெளிச்சம் கொஞ்சம் மாறினாலும் பரவாயில்லை. தலைமுடியையும் புடவை ஜரிகையையும் பெரிதாக்கிப் பாருங்கள். டி90 படத்தில் மணல் தூவியது போல நாய்ஸ் இருக்கும், ஆனால் முடி முடியாகவே இருக்கும். சின்னக் கேமரா நாய்ஸைத் துடைக்கிறேன் பேர்வழி என்று முடியையும் சேர்த்து மெழுகிவிடும். 3200இல் இந்த வேறுபாட்டைக் கண்ணாடி போடாதவர்களும் கண்டுபிடிப்பார்கள். பத்து வருடம் பழையது என்பது இங்கே எடுபடவில்லை.

என்னைக் கேட்டால் இந்த ஒரு சோதனை மற்ற எல்லாவற்றையும்விட முக்கியம். நீங்கள் எடுக்கும் படங்களில் எத்தனை வீட்டுக்குள், கல்யாண மண்டபத்தில், சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் எடுத்தவை என்று உங்கள் பழைய ஆல்பத்தைப் புரட்டிப் பாருங்கள்.

படி 6: எட்டத்துச் சோதனை

இதற்குக் காலையில் சீக்கிரம் மொட்டை மாடிக்குப் போங்கள். வெயில் ஏறினால் சூடான காற்று நெளிந்து, எந்த லென்ஸாக இருந்தாலும் படம் கலங்கிவிடும். தூரத்துக் கடைப் பலகை, செல்போன் கோபுரம், கோபுரத்துச் சுதைச் சிற்பம் என்று ஏதாவது ஒன்று. கேனானை முழு ஜூமில், டி90ஐ 105இல் வைத்து எடுங்கள். பிறகு கேனான் படத்தில் தெரியும் பகுதியை மட்டும் டி90 படத்திலிருந்து வெட்டி எடுங்கள்.

எவ்வளவு மிஞ்சும்? 960ஐ 157ஆல் வகுத்தால் சுமார் 6.1. 4288 x 2848இல் மிஞ்சுவது ஏறக்குறைய 700 x 467, மூன்று லட்சத்துச் சொச்சம் பிக்சல். பலகையில் எழுத்து இருக்கிறது என்று தெரியும், என்ன எழுத்து என்று தெரியாது. இங்கே சின்னக் கேமராவுக்கு அமோக வெற்றி.

கொஞ்சம் பொறுங்கள், கணக்கை இன்னும் ஒரு அடி நகர்த்துவோம். அதே டி90இல் 200 மி.மீ. லென்ஸ் போட்டால், வெட்டியபின் சுமார் 1340 x 890 பிக்சல். 300 மி.மீ. லென்ஸ் என்றால் 2010 x 1335, அதாவது 27 லட்சம் பிக்சல். 6 x 4 அங்குல அச்சுக்கு 1800 x 1200 போதும்! மறுபக்கம் கேனானின் முழு ஜூமில் துளை எஃப் 6.9. அங்கே ஒரு ஒளிப்புள்ளி சென்சாரில் சுமார் 9 மைக்ரான் அகலத்துக்குப் பரவுகிறது. ஒரு பிக்சலின் அகலமோ 1.2 மைக்ரான். 20 மெகாபிக்சலில் உண்மையான விவரம் கால்வாசி தேறினால் அதிகம். ஆக ‘டிஎஸ்எல்ஆரா, சூப்பர்ஜூமா’ என்று குழம்பும் பலருக்கு மூன்றாவது வழி ஒன்று இருக்கிறது: பழைய 70-300 மி.மீ. லென்ஸ் ஒன்றை செகண்ட் ஹேண்டில் தேடுவது. டி90இன் உடலுக்குள்ளேயே ஃபோகஸ் மோட்டார் இருப்பதால், மோட்டார் இல்லாத பழைய நிக்கான் லென்ஸ்களும் அதில் தானாக ஃபோகஸ் ஆகும். டி3000, டி5000 வரிசையில் ஆகாது; வாங்கும் முன் பார்த்துக்கொள்ளுங்கள்.

நிலாவையும் விடாதீர்கள். பௌர்ணமியைவிட அரை நிலாதான் நல்லது, பள்ளங்களின் நிழல் தெரியும். கேனானில் ஐஎஸ்ஓ 100, எஃப் 6.9, 1/250. சட்டத்தின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு நிலா நிற்கும். டி90இல் 105 மி.மீ. வைத்து எடுத்தால் நிலாவின் விட்டம் 175 பிக்சல்தான்.

படி 7: பின்னணி மங்கல்

‘சின்ன சென்சாரில் பின்னணி மங்காது’ என்று எல்லோரும் சொல்வார்கள். பாதிதான் உண்மை. லென்ஸின் உண்மையான குவியத் தூரத்தை (35 மி.மீ. ஈட்டு அளவை அல்ல) எஃப் எண்ணால் வகுத்தால், ஒளி நுழையும் வாசலின் அகலம் கிடைக்கும். பின்னணி வெகு தூரத்தில் இருக்கும்போது, ஆள் சட்டத்தில் ஒரே அளவில் தெரிந்தால், இந்த அகலம்தான் மங்கலைத் தீர்மானிக்கிறது. கேனானின் அகன்ற முனையில் 4.3 ÷ 3.3, வெறும் 1.3 மி.மீ. முழு ஜூமில் 172 ÷ 6.9, அதாவது 25 மி.மீ. டி90இன் 105 மி.மீ. முனையில் 105 ÷ 5.6, சுமார் 19 மி.மீ.

நம்ப முடியவில்லை அல்லவா? மைதானத்தில் ஒருவரை நிறுத்தி எடுத்துப் பாருங்கள். ஒரே சங்கடம், மார்பளவுப் படத்துக்கே நீங்கள் 15 மீட்டருக்கு மேல் தள்ளி நிற்க வேண்டும். ‘சிரிங்க’ என்று கத்தித்தான் சொல்ல முடியும். வீட்டுக்குள் அதே மங்கல் வேண்டுமென்றால் டி90இல் 35 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ் மாட்டுங்கள். வாசல் அதே 19 மி.மீ., ஆனால் ஆள் பக்கத்திலேயே இருப்பார், வெளிச்சமும் எஃப் 3.5ஐவிடக் கிட்டத்தட்ட நான்கு மடங்கு உள்ளே வரும்.

படி 8: ஓடுகிற பிள்ளை, வீடியோ, பாரம்

ஓடி வரும் ஒரு குழந்தையை இரண்டிலும் எடுங்கள். டி90இல் கண்ணாடி வழியே நேரே பார்ப்பதால் தாமதம் இல்லை. கேனான் விநாடிக்கு 10 படம் எடுக்கும், டி90 4.5தான். ஆனால் கேனானில் கண்ணை வைத்துப் பார்க்கும் வ்யூஃபைண்டர் கிடையாது, திரையைப் பார்த்தே துரத்த வேண்டும். நல்ல வெயிலில் திரையும் சரியாகத் தெரியாது. முழு ஜூமில் கையை நீட்டிப் பிடித்தபடி ஒரு மீன்கொத்தியைத் தேடிப் பாருங்கள், சிரமம் புரியும். ஜூம் ஃப்ரேமிங் அசிஸ்ட் பொத்தானை அழுத்திப் பிடித்தால் ஜூம் பின்வாங்கி, விட்டதும் பழைய இடத்துக்கு வரும். அது பெரிய உதவி.

வீடியோவுக்குச் சோதனையே வேண்டாம். வீடியோ எடுத்த முதல் டிஎஸ்எல்ஆர் என்ற பெருமை டி90க்கு உண்டு, அதோடு சரி. 720பி, ஒரு தடவைக்கு ஐந்து நிமிடம், மோனோ ஒலி, எடுக்கும்போது ஆட்டோ ஃபோகஸ் கிடையாது. கேனான் 4கே.

எடையில் லென்ஸோடு டி90 ஒரு கிலோவைத் தாண்டும். கேனான் 299 கிராம். பேட்டரி நேர்மாறு: நிறுவனக் கணக்கில் டி90க்கு 850 படம், கேனானுக்கு 265. பயணத்துக்குச் சின்னதை எடுத்தால் ஒரு பேட்டரி கூடுதலாக வையுங்கள்.

படி 9: இரண்டையும் வைத்துக்கொள்வதென்றால்

பழைய டிஎஸ்எல்ஆருக்குச் சந்தையில் கிடைக்கும் விலை அவ்வளவு சொற்பம் என்பதால், விற்காமல் இருப்பதே பலருக்குச் சரியாக வரும். அப்படியானால் டி90இல் ஆட்டோ ஐஎஸ்ஓவைப் போட்டு, உச்சத்தை 1600இலும் குறைந்தபட்ச ஷட்டர் வேகத்தை 1/60இலும் வையுங்கள், எஃப் 1.8 லென்ஸ் மாட்டியே இருக்கட்டும். கேனானைப் பி முறையில் (துளையையும் ஷட்டரையும் கேமராவே தேர்ந்தெடுப்பது), பகலில் ஐஎஸ்ஓ 100 அல்லது 200இல் விட்டுவிடுங்கள். டி90ஐ மறுபடி துணிக்குள் சுற்றி பீரோவில் திணிக்காமல், சிலிக்கா ஜெல் பைகள் போட்ட காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் வையுங்கள். நீல நிற மணிகள் இளஞ்சிவப்பாக மாறினால் ஜெல்லை மாற்றும் நேரம் வந்துவிட்டது என்று அர்த்தம்.