ஜெட் இன்ஜின்களின் எரிபொருள் செலவை ஒப்பிடுவது எப்படி?

மணிக்கு எத்தனை கிலோ எரிக்கிறது என்று மட்டும் பார்த்து இரண்டு விமானங்களை ஒப்பிடாதீர்கள். பெரிய விமானம் அதிகம் குடிக்கத்தான் செய்யும். ஒரு சீட்டை 100 கிலோமீட்டர் கொண்டுபோக எவ்வளவு ஆகிறது, அதைப் பாருங்கள். இன்ஜினால் வரும் வித்தியாசம் தெரிய வேண்டுமென்றால் உடல் ஒன்றாகவும் இன்ஜின் வேறாகவும் இருக்க வேண்டும், அதற்கு ஏர்பஸ் ஏ320 ரொம்ப வசதி.

முதலில் எந்த இன்ஜின் என்று கண்டுபிடியுங்கள். விமான நிலையக் கண்ணாடி வழியாக நின்றிருக்கும் விமானத்தின் இன்ஜின் முன்பக்கத்தைப் போட்டோ எடுத்து, பெரிதாக்கி, பிளேடுகளை எண்ணுங்கள். ஒல்லியாக 36 இருந்தால் சிஎஃப்எம்56, 22 இருந்தால் வி2500, இரண்டும் பழைய தலைமுறை. அகலமாக வளைந்த 18 பிளேடு இருந்தால் லீப், 20 என்றால் பிராட் அண்ட் விட்னியின் கியர் வைத்த இன்ஜின். இவை இருந்தால் அது 2016 ஜனவரியில் சேவைக்கு வந்த நியோ, அதாவது ஏ320இன் புது இன்ஜின் ரகம்.

பிளேடு குறைந்தாலும் விசிறி பெரிதாகியிருக்கிறது, சிஎஃப்எம்56இல் 173 செ.மீ. இருந்த விட்டம் லீப்பில் 198 ஆனது. எரிப்பு அறைக்குப் போகாமல் சுற்றிப் போகும் காற்று, உள்ளே போவதைப்போல பழையதில் 6 மடங்குக்குச் சற்றுக் குறைவு, லீப்பில் 11 மடங்கு. நிறைய காற்றை நிதானமாகத் தள்ளினால் அதே உந்துவிசைக்கு எரிபொருள் குறையும். 1960களின் ஜேடி8டி இன்ஜினில் இது ஏறக்குறைய 1 மடங்குதான், அதனால்தான் அந்த இரைச்சலும் அந்தச் செலவும்.

சரி, கணக்குக்கு வருவோம். பழைய ஏ320 உயரத்தில் சீராகப் பறக்கையில் மணிக்குச் சுமார் 2,400 கிலோ எரிக்கும், வேகம் 830 கி.மீ. என்று வையுங்கள். 2,400ஐ 830ஆல் வகுத்தால் கிலோமீட்டருக்கு 2.9 கிலோ, அதை 180 சீட்டால் வகுத்து 100ஆல் பெருக்கினால் 1.6 கிலோ. ஒரு லிட்டர் ஏறத்தாழ 0.8 கிலோ, ஆக 2 லிட்டர். நியோ 15 சதவீதம் மிச்சப்படுத்தும் என்பது ஏர்பஸ் சொன்ன கணக்கு, அதன்படி 1.7 லிட்டர். சீட்டில் 150 பேர்தான் என்றால் பழையதில் ஆளுக்கு 2.4 ஆகிவிடும், ஆகவே சீட்டுக் கணக்கையும் ஆள் கணக்கையும் கலக்காதீர்கள்.

இந்த எண்கள் உயரத்தில் சீராகப் பறக்கும் நேரத்துக்கு மட்டும். முக்கால் மணிப் பயணத்தில் ஓடுபாதைக்கு ஊர்ந்து போவதும் மேலேறுவதும் பெரும்பங்கு, புது இன்ஜின் எடையும் கூட, அதனால் குறுகிய தூரத்தில் மிச்சம் சுருங்கும். அங்கே புரொப்பெல்லர் வைத்த ஏடிஆர் 72ஐயும் கணக்கில் சேர்த்துப் பாருங்கள்.