பட்டிக்கு சிறுத்தை வந்தா கறில மருந்து வைக்காதீங்க, மேல வலை போடுங்க

குடியாத்தம், பேரணாம்பட்டு, ஒடுகத்தூர் பக்கம் மலையடில ஆடு வச்சிருக்கறவங்களுக்காக எழுதறேன். 2024 டிசம்பர்ல கே.வி.குப்பம் பக்கம் ஒரு பொண்ண சிறுத்தை அடிச்சு கொன்னதுலேர்ந்து எல்லாருக்கும் பயம் ஜாஸ்தி. காலைல பட்டில ஒரு ஆடு கொறஞ்சா போதும், டீக்கடைல ஒடனே "மிச்சக் கறில மருந்து வச்சுடு நைனா"ன்னு ஆரம்பிச்சுடறாங்க. சினை ஆடு போன வயித்தெரிச்சல் எனக்கும் தெரியும், ஆனா அவசரப்படாதீங்க.

மொதல்ல வந்தது யாருன்னு பாருங்க. சிறுத்தைன்னா குரவளைல ஒரே கவ்வு, பல்லு ஆழமா எறங்கின ஓட்டை தெரியும், ஆட்ட பொதர் பக்கமா இழுத்துனு போன தடம் இருக்கும். பின்தொடை, மடி, வாலுன்னு கண்ட எடத்துல கொதறி ஆடுங்க குத்துயிரா கெடந்தா அது பெரும்பாலும் தெருநாய்ங்க வேலை. அடைச்ச பட்டிக்குள்ள சிறுத்தையும் நாலஞ்ச அடிக்கும், அதனால எத்தன செத்துச்சுன்னு எண்ணாம கடிய பாருங்க. ஈர மண்ணுல காலடியும் பாருங்க, சிறுத்தை நடக்கறப்ப நகத்த உள்ள இழுத்துக்கும், நாய்க்கு நகத்தடம் விழும்.

இப்ப வெசத்துக்கு வரேன். எங்க கொல்லைக்கு ரெண்டு கொல்லை தள்ளி ஒருத்தரு ஓடைக்கரைல மருந்து தடவின கறிய போட்டாரு. சிறுத்தை வந்துச்சா வரலயான்னே தெரியல, காலைல எங்க நாய் மணி வாயெல்லாம் நொரையா வரப்புல கெடந்தான், பக்கத்துல ரெண்டு காக்கா, ஒரு கீரி. ராத்திரி பூரா கொரச்சு பட்டிய காத்துகினு இருந்தவனே அவன்தான்.

"பக்குவமா வச்சா தப்பில்ல"ன்னு சொல்றவங்களுக்கு அமெரிக்கா கதைய சொல்றேன். அங்க அரசாங்க ஆளுங்களே எம்-44ன்னு ஒரு குழாய மண்ணுல நடுவாங்க, தலைல வாசனை தடவியிருக்கும், நம்ம நரி மாதிரி இருக்கற கயோட்டி அத கவ்வி இழுத்தா ஸ்பிரிங் அடிச்சு சயனைடு வாயில பீச்சும். எச்சரிக்கை போர்டு, ட்ரெய்னிங்னு ஆயிரம் ரூல்ஸ் இருந்தும் 2017ல ஐடஹோ மாகாணம் போக்கடெல்லோல 14 வயசு பையன் வீட்டுக்குப் பின்னாடி அத தொட்டுட்டான், கூடப்போன நாய் கண்ணு முன்னாடியே செத்துச்சு. 2019ல தொடர்ந்து வைக்கலாம்னு சொன்ன சுற்றுச்சூழல் ஏஜென்சி எதிர்ப்பு கெளம்பினதும் சில நாள்லயே பின்வாங்கிச்சு, அந்த வருசக் கடைசில கூடுதல் கட்டுப்பாட்டோட மறுபடி சரின்னுச்சு, ஆனா 2023ல அரசு நில நிர்வாக அமைப்பு தன்கிட்ட இருக்கற சுமார் 24.5 கோடி ஏக்கர்ல வைக்கவே கூடாதுன்னுடுச்சு. அங்கயும் ஆட்டுக்காரங்க "அப்ப நஷ்டத்த யாரு தருவா"ன்னு கேக்கறாங்க, கேக்கறது நியாயந்தான், ஆனா எந்த வாய் கவ்வும்னு அந்த குழாய்க்கு தெரியாதே.

நம்ம ஊர்ல 1972 வனவிலங்கு சட்டத்துல வெசம் வைக்கறதும் வேட்டைதான், சிறுத்தை மொதல் அட்டவணைல கீது, 3 வருசத்துலேர்ந்து 7 வருசம் வரைக்கும் ஜெயில், ஃபைன் 25,000க்கு கொறையாது.

சரி, இன்னா பண்றது? காச பட்டில போடுங்க. நாலு பக்கமும் ஆள் ஒசரத்துக்கு முள்ளு கட்டிட்டு மேல தொறந்து வுடறதுதான் நாம பண்ற பெரிய தப்பு, சிறுத்தை மரமே ஏறும், உங்க வேலி எம்மாத்திரம். மேலயும் சேத்து இரும்பு வலை போட்டு கம்பில இறுக்கி கட்டுங்க, வலையோட அடி ஓரத்த ஒரு அடி மண்ணுக்குள்ள பொதைங்க, கதவுக்கு கயிறு வேணாம், தாப்பா போடுங்க. என் பட்டிக்கு சந்தைல ரெண்டு ஆடு வித்த காசுதான் ஆச்சு. பட்டிய ஒட்டி மரக்கிளை தொங்கினா வெட்டிடுங்க, சுத்தி இருக்கற சீமக்கருவேலம் பொதரயும் வெட்டுங்க, அங்கதான் வந்து பதுங்கும். பொழுது சாயறதுக்குள்ள அடைச்சுடுங்க. நாய தனியா வெளிய கட்டிப் போடாதீங்க, சிறுத்தைக்கு ஆட்ட விட நாய் பிடிக்கும், ராத்திரில அதுவும் வலைக்குள்ளயே இருக்கட்டும்.

அப்படியும் ஆடு போயிடுச்சா, பொணத்த நகத்தாதீங்க, பொதைக்காதீங்க. கடி தெரியற மாதிரி, காலடி தெரியற மாதிரி போன்ல போட்டோ எடுங்க, அன்னிக்கே ஃபாரஸ்ட் ரேஞ்ச் ஆபீசுக்கு சொல்லுங்க, கால்நடை டாக்டர் வந்து பாத்து சர்டிபிகேட் குடுத்தாதான் நஷ்டஈட்டு மனு நகரும். ஃபாரஸ்ட் கார்டு வர்ற வரைக்கும் காலடி மேல ஒரு கூடைய கவுத்து வைங்க, இல்லன்னா வேடிக்கை பாக்க வர்ற கூட்டம் மிதிச்சு அழிச்சுடும்.