பாய்மரக் கப்பல் சமையல்: கல் போன்ற பிஸ்கட்டும் லாப்ஸ்கவுஸ் என்ற கெட்டிக் கறிக்குழம்பும் செய்வது எப்படி?

18-ஆம் நூற்றாண்டில் பிரிட்டிஷ் கடற்படை மாலுமி ஒருவருக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு, அதாவது சுமார் 450 கிராம் பிஸ்கட் உண்டு. குடிக்க ஒரு காலன், அதாவது சுமார் நாலரை லிட்டர் பீர். வாரத்தில் நான்கு நாள் உப்பிட்ட மாட்டிறைச்சி அல்லது பன்றி இறைச்சி. இவை தவிர பட்டாணி, ஓட்ஸ், வெண்ணெய், பாலாடைக்கட்டி. இதை மட்டமான சாப்பாடு என்று எழுதுபவர்கள் நிறையப் பேர். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அதே காலத்தில் கரையில் இருந்த ஏழைத் தொழிலாளிக்கு வாரம் நான்கு நாள் கறி என்பது நினைத்துப் பார்க்க முடியாத விஷயம்.

ஃபிரிட்ஜ் இல்லாத காலம் என்பதால், மாதக்கணக்கில் கெடாமல் இருக்க உணவிலுள்ள ஈரத்தை முடிந்தவரை எடுத்துவிடுவார்கள். சாப்பிடும் நேரத்தில் அதைத் திரும்பக் கொடுப்பார்கள். கீழே நாம் செய்யப்போவதும் இந்த இரண்டைத்தான்.

முதலில் பிஸ்கட்

கோதுமை மாவு 500 கிராம், தண்ணீர் 200 முதல் 230 மில்லி. அவ்வளவுதான். எண்ணெய் வேண்டாம், நாளடைவில் சிக்கு வாடை அடிக்கும். உப்பும் வேண்டாம், அது காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும்.

1. தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுப் பிசையுங்கள். சப்பாத்தி மாவைவிட நல்ல கெட்டியாக இருக்க வேண்டும். கை வலிக்கும், ஆனாலும் தண்ணீரைக் கூட்டாதீர்கள். மூடி அரை மணி நேரம் வையுங்கள்.

2. ஒரு செ.மீ. கனத்துக்குத் தேய்த்து, 10 செ.மீ. அகல வட்டங்களாக வெட்டுங்கள். ஏழெட்டு வரும்.

3. முள்கரண்டியால் அடிவரை இறங்கும்படி வரிசையாகத் துளையிடுங்கள். இதை அலங்காரம் என்று நினைத்து விட்டுவிட வேண்டாம். உள்ளே இருக்கும் நீராவி வெளியேற வழி இல்லாவிட்டால் பிஸ்கட் உப்பிக்கொள்ளும், நடுவில் ஈரம் தங்கிவிடும்.

4. ஓவனில் 160 டிகிரி செல்சியஸில் ஒரு மணி நேரம், திருப்பிப் போட்டு இன்னொரு மணி நேரம். அப்புறம் 100 டிகிரிக்குக் குறைத்து இரண்டு மணி நேரம் உலர விடுங்கள். ஒன்றை உடைத்துப் பாருங்கள். நடுவில் மெத்தென்று இருந்தால் இன்னும் உலர வேண்டும்.

ஆறியதும் காற்றுப் புகாத டப்பாவில் போடுங்கள். ஈரம் படாதவரை இது கெடாது. 1784 என்று தேதி எழுதப்பட்ட ஒரு கப்பல் பிஸ்கட் லண்டன் கிரீனிச் கடல்சார் அருங்காட்சியகத்தில் இன்றும் இருக்கிறது! கப்பலில் ஈரம் மட்டும் எதிரி இல்லை, வண்டும் புழுவும் உண்டு. அதனால் மாலுமிகள் பிஸ்கட்டை மேசையில் தட்டி உதிர்த்துவிட்டுத்தான் தின்பார்கள். நீங்கள் நேராகக் கடித்துப் பார்க்காதீர்கள், பல் போய்விடும்.

அடுத்து லாப்ஸ்கவுஸ்

மாட்டிறைச்சி 500 கிராம் (ஆட்டிறைச்சியும் சரி), கல்லுப்பு நாலு மேசைக்கரண்டி, வெங்காயம் 2, உருளைக்கிழங்கு 2, மிளகுத்தூள் ஒரு தேக்கரண்டி, நாம் செய்த பிஸ்கட் 2.

1. இறைச்சியில் உப்பை அழுத்தித் தேய்த்து, மூடி, ஃபிரிட்ஜில் இரண்டு நாள் வையுங்கள். கப்பலில் இது உப்புநீர் நிரம்பிய பீப்பாயில் மாதக்கணக்கில் கிடக்கும்.

2. கழுவி, நல்ல தண்ணீரில் ஓர் இரவு ஃபிரிட்ஜிலேயே ஊற விடுங்கள். நடுவில் இரண்டு தடவை தண்ணீரை மாற்றுங்கள். கப்பல் சமையல்காரரும் முந்தின நாளே கறியைத் தொட்டியில் போட்டு ஊறவைப்பார். இந்தப் படியைத் தாண்டினால் சாப்பிடவே முடியாது.

3. துண்டுகளாக்கி, மூழ்கும்வரை தண்ணீர் விட்டு இரண்டு மணி நேரம் மெல்லிய தீயில் வேகவையுங்கள். குக்கர் என்றால் ஏழு விசில். மேலே மிதக்கும் கொழுப்பை வழித்தெடுங்கள். கப்பலில் அது சமையல்காரருக்குச் சொந்தம். விற்றுக் காசாக்கிக்கொள்வார்.

4. வெங்காயம், உருளைக்கிழங்கு, மிளகைச் சேருங்கள். பிஸ்கட்டைத் துணிப்பையில் போட்டுக் குழவியால் நொறுக்கிக் கொட்டி, கால் மணி நேரம் கிளறிவிட்டு வேகவையுங்கள். பிஸ்கட் குழம்பை உறிஞ்சி, எல்லாம் கெட்டியாகச் சேர்ந்து வரும். உப்பைக் கடைசியில் மட்டும் பாருங்கள், பெரும்பாலும் தேவைப்படாது.

அன்று மாலுமிகளுக்குக் கொடுத்த சாப்பாட்டில் அநேகமாக இல்லாத ஒன்று வைட்டமின் சி. அதனால் ஸ்கர்வி என்ற நோய் வந்து ஈறு வீங்கி, பழைய காயங்கள் கூடத் திறந்துகொண்டு ஆயிரக்கணக்கானோர் செத்தார்கள். 1747-இல் ஜேம்ஸ் லிண்ட் என்ற கப்பல் மருத்துவர் 12 நோயாளிகளை இருவர் இருவராகப் பிரித்து ஆறு விதச் சிகிச்சை கொடுத்துப் பார்த்தார். ஆரஞ்சும் எலுமிச்சையும் தின்ற இருவரும்தான் வேகமாகத் தேறினார்கள். இருந்தும் கடற்படை எலுமிச்சைச் சாற்றை வழக்கமாகக் கொடுக்க ஆரம்பித்தது 1795-இல்தான். இந்தத் தாமதத்தை நினைத்தால் எனக்கு இன்றும் ஆறாது.

நீங்கள் அடுப்பை அணைத்து, தட்டில் போட்ட பிறகு அரை மூடி எலுமிச்சை பிழியுங்கள். கொதிக்கும்போது பிழிந்தால் அந்த வைட்டமினில் கணிசமான பகுதி வீணாகும்.

கறி சாப்பிடாதவர்கள் பட்டாணிப் பருப்பை ஊறவைத்து, பொங்க இடம் விட்டுத் துணியில் தளர்வாக முடிந்து, கொதிநீரில் குழைய வேகவைத்து, வெண்ணெயும் மிளகும் போட்டு மசித்துக்கொள்ளலாம். அதுவும் அசல் கப்பல் சாப்பாடுதான்.