டோபமைனை விளக்கும்போது நாம் சறுக்கும் இடங்கள்

டோபமைன் போன்ற நரம்புக் கடத்திகள், அதாவது நரம்புச் செல்லிலிருந்து அடுத்த செல்லுக்குச் சேதி கொண்டுபோகும் வேதிப்பொருள்கள் பற்றி மாணவர்கள் எழுதித் தரும் கட்டுரைகளைத் திருத்தும்போதெல்லாம் பால் கிரீன்கார்ட் நினைவுக்கு வருவார். 2000-ஆம் ஆண்டு ஆர்விட் கார்ல்சன், எரிக் கேண்டல் இருவரோடு மருத்துவ நோபலைப் பகிர்ந்துகொண்ட அமெரிக்கர். கடத்தி வந்து, செல்லின் மேல் அதை ஏற்கும் புரதமான ஏற்பியில் ஒட்டுகிறது, சரி; அப்புறம் செல்லுக்குள் என்ன நடக்கிறது? இந்த ஒரு கேள்விக்கே அவர் வாழ்நாளைக் கொடுத்தார். நம் தவறுகளில் பாதி இதைக் கேட்காமல் விடுவதால் வருகிறது.

அடிக்கடி கண்ணில் படுவது "டோபமைன் மகிழ்ச்சி தரும் ரசாயனம்" என்ற வரி. எந்தக் கடத்திக்கும் தனக்கென்று ஒரே குணம் கிடையாது. அசிடைல்கோலின் கை கால் தசையைச் சுருங்க வைக்கும். அதுவே இதயத்துடிப்பைக் குறைக்கும். 1921-இல் ஓட்டோ லூவி ஒரு தவளை இதயத்தின் வேகஸ் நரம்பைத் தூண்டினார்; அதன் துடிப்பு குறைந்தது. அந்த இதயம் இருந்த திரவத்தை எடுத்து இன்னொரு இதயத்துக்குக் கொடுத்தார். அதுவும் மெதுவாகத் துடித்தது. திரவத்தில் இருந்தது அசிடைல்கோலின் என்று பிறகு தெரிந்தது. பொருள் ஒன்றுதான், ஏற்பிகள்தான் வேறு. டோபமைனும் அப்படியே: டி1 ஏற்பியில் ஒட்டினால் செல்லுக்குள் சேதியைக் கடத்தும் சிறு மூலக்கூறான சைக்ளிக் ஏ.எம்.பி. கூடும், டி2-இல் ஒட்டினால் குறையும். பார்க்கின்சன் நோயில் டோபமைன் குறையும்போது கை கால் அசைவே தடுமாறுகிறது. அதை மகிழ்ச்சிக் கணக்கில் எப்படிச் சேர்ப்பது?

அடுத்தது பூட்டும் சாவியும்: ஏற்பி பூட்டு, கடத்தி அதில் பொருந்தும் சாவி. அந்த உவமையை நானும் வகுப்பில் சொல்கிறேன், ஆனால் அங்கேயே நிறுத்திவிடக் கூடாது. டோபமைன் செல்லுக்குள் நுழையாமல் வெளியே நின்றே வேலையைத் தொடங்கி வைக்கிறது. டி1 ஏற்பி உள்பக்கம் உள்ள ஜி-புரதத்தை எழுப்பும்; அது ஒரு நொதியைத் தூண்டும்; நொதி சைக்ளிக் ஏ.எம்.பி.யை உண்டாக்கும், அதனால் விழிக்கும் புரத கைனேஸ்-ஏ என்ற வேறொரு நொதி மற்ற புரதங்களின் மேல் பாஸ்பேட்டை ஒட்டி அவற்றின் வேலையை மாற்றும். டோபமைன் பட்டதும் சைக்ளிக் ஏ.எம்.பி.யை உண்டாக்கும் நொதி வேகமெடுப்பதை எலி மூளையின் காடேட் பகுதியில் கெபாபியன், பெட்சோல்ட் இருவருடன் சேர்ந்து 1972-இல் கிரீன்கார்ட் காட்டினார்.

பிறகு அவர் ஆய்வகம் கண்டெடுத்த புரதம் டார்ப்-32. அதன் மேல் ஓரிடத்தில் பாஸ்பேட் ஏறினால், பாஸ்பேட்டைப் பிய்த்தெடுக்கும் இன்னொரு நொதியை அது அடக்கிவிடும். ஒட்டியவை சீக்கிரம் உதிராமல் இருக்கும். டோபமைன் சொன்ன சேதி செல்லுக்குள் நீடிக்கும். அதே புரதத்தில் வேறோர் இடத்தில் பாஸ்பேட் ஏறினால் கதை தலைகீழ்: புரத கைனேஸ்-ஏ-யையே அது தடுக்கும். எத்தனை முறை சொல்லித் தந்தாலும் இந்த இடம் வரும்போது எனக்குச் சிலிர்க்கும்.

வேகத்திலும் குழப்பம் உண்டு. குளூட்டமேட் என்ற இன்னொரு கடத்தி, செல் சவ்வில் அயனிகள் நுழையும் கால்வாயைத் திறந்து மில்லிவினாடிகளில் வேலையை முடிக்கும். டோபமைன் வழி மெதுவானது, நிமிடக்கணக்கிலும் போகும். அதை இரண்டாம்பட்சமாக எழுதாதீர்கள். வேகமான சேதி எவ்வளவு பலமாகக் கேட்கவேண்டும் என்பதை மாற்றுவதே அதுதான்.

கிரீன்கார்ட் வாழ்க்கையை நேர்க்கோடாக எழுதுவதும் தவறு. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் கடற்படையில் ரேடார் வேலை, பிறகு கணிதமும் இயற்பியலும். அணுகுண்டுக்குப் பின் அந்தப் பக்கம் போக மனமில்லாமல் உயிர் இயற்பியலுக்கு வந்தார். 1959 முதல் சில வருடங்கள் கெய்கி மருந்து நிறுவனத்தில் இருந்தார். வாழ்க்கைக் குறிப்பு எழுதுவோர் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். 1968-இல் யேல் பல்கலைக்கழகம், 1983-இல் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகம். கல்லீரலில் ஹார்மோன்கள் சைக்ளிக் ஏ.எம்.பி. வழியே வேலை செய்வதை ஏர்ல் சதர்லேண்ட் கண்டிருந்தார். மூளையிலும் அப்படி நடக்குமா என்று கிரீன்கார்ட் கேட்டபோது, நரம்பியலில் பலரும் மின்துடிப்புகளை அளப்பதிலேயே மூழ்கியிருந்தார்கள்.

கடைசியாக ஒரு சின்னத் திருத்தம். நோபலில் தன் பங்குத் தொகையை வைத்து, உயிர் மருத்துவ ஆய்வில் சிறக்கும் பெண்களுக்கென்று ஒரு பரிசை உருவாக்கினார். பேர்ல் மைஸ்டர் கிரீன்கார்ட் பரிசு என்பதைப் பார்த்து, தன் பெயரையே வைத்துக்கொண்டார் என்று எழுதிவிடாதீர்கள். அது அவர் அம்மாவின் பெயர். அவரைப் பெற்றெடுக்கும்போதே அந்த அம்மா இறந்துபோனார்.