மலைவீட்டில் இரவு மூச்சு: முகத்தாடைக் குறையுடன் பிறந்த பிள்ளைகளைக் கவனிக்கும் முறை

பியர் ராபின், ட்ரீச்சர் காலின்ஸ் என்ற பிறவிக் குறைகள் உள்ள பிள்ளைகளுக்குக் கீழ்த்தாடை சிறுத்திருப்பதால் நாக்கு பின்னுக்குச் சரிந்து தொண்டையை அடைக்கும். க்ரூசான், ஏபர்ட் என்ற பிறவிக் குறைகள் உள்ள பிள்ளைகளுக்கு முகத்தின் நடுப்பகுதி உள்வாங்கி, மூக்குக்குப் பின்னால் உள்ள வழி குறுகியிருக்கும். விழித்திருக்கும்போது தசைகள் அந்த வழியை இழுத்துப் பிடித்து வைக்கும், தூங்கியதும் தளர்ந்துவிடும். அதனால் பகலில் டாக்டர் பார்க்கும்போது பிள்ளை நன்றாகவே இருக்கும். இரவில் நடப்பதை வீட்டார்தான் எடுத்துக் காட்ட வேண்டும்.

அதற்கு செல்போன் போதும். அறை கதகதப்பாக இருக்கும்போது போர்வையை இடுப்புவரை இறக்கி, சட்டைப் பொத்தானை அவிழ்த்து, முகம், நெஞ்சு, வயிறு மூன்றும் தெரியும்படி ஐந்து நிமிடம் வீடியோ எடுங்கள். கனவுத் தூக்கம் அதிகமாக வரும் விடியற்காலை 3 முதல் 5 மணிக்குள் எடுத்தால் நல்லது. அடைப்பு அப்போதுதான் மோசமாகும். நெஞ்சு உள்ளே இழுக்க வயிறு மேலெழுகிறதா, நெஞ்சு அசைந்தும் மூக்கில் காற்று வராமல் போய்ப் பிறகு திணறி இழுக்கிறதா என்று பாருங்கள். கழுத்தைப் பின்னால் வளைத்துத் தூங்குவதும் ஊட்டிக் குளிரிலும் தலை வியர்ப்பதும் அடையாளங்களே. குறட்டை விட்டால் ஆழ்ந்த தூக்கம் என்று பெரியவர்கள் சொல்வது இந்தப் பிள்ளைகளுக்குப் பொருந்தாது. பச்சிளங்குழந்தைக்குக் குறட்டையே இல்லாமலும் அடைக்கும்.

இரத்தத்தில் உள்ள ஆக்சிஜன் அளவை விரலில் மாட்டிக் காட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டர் வாங்கினால் குழந்தை விரலுக்கான கிளிப்பாக வாங்குங்கள். விரல் சில்லிட்டிருந்தால் அளவு பொய்யாகக் குறையும். கையைத் தேய்த்துச் சூடேற்றி, துடிப்பு சீராக வந்தபின் படியுங்கள். ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம். இங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் ஏறத்தாழ முக்கால் பங்குதான். நோயில்லாத பிள்ளைக்கே கோவையில் காட்டுவதைவிட ஓரிரு புள்ளி குறைவாகக் காட்டும். ஆகவே பிள்ளை விழித்து அமைதியாக இருக்கும்போது பல நாள் அளந்து, வழக்கமான அளவைக் குறித்து வையுங்கள். ஒரு தடவை குறைந்ததைவிட, இறங்கி ஏறி இறங்கும் வரிசைதான் முக்கியம். உடலின் ஆக்சிஜன் கையிருப்பு இங்கே குறைவு என்பதால், அதே நீளமுள்ள அடைப்பு மலையில் அளவை வேகமாகக் கீழே தள்ளும்.

தூங்கும்போது மூச்சையும் ஆக்சிஜனையும் இரவு முழுதும் அளக்கும் தூக்க ஆய்வுக்குப் பெரும்பாலும் கோவைக்கு இறங்க வேண்டியிருக்கும். வீடு எந்த உயரத்தில் இருக்கிறது என்பதை அங்கே கட்டாயம் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் சமவெளியில் கிடைத்த ஆக்சிஜன் அளவையே வீட்டுக்கும் பொருத்திவிடுவார்கள். பிள்ளைகளுக்கு மணிக்கு ஒன்றுக்கு மேல் அடைப்பு வந்தாலே இயல்பல்ல, பத்தைத் தாண்டினால் தீவிரம். பெரியவர்களுக்கான ஐந்து என்ற வரம்பை வைத்துப் பார்த்தால் நோய் தப்பிவிடும்.

மாஸ்க் வழியாகக் காற்றை அழுத்திச் செலுத்தி மூச்சுவழியைத் திறந்து வைக்கும் சிபேப் மெஷினைக் கொடுத்தால் முதலில் அதன் கையேட்டில் எவ்வளவு உயரம் வரை இயங்கும் என்று பாருங்கள். பழைய மெஷின்களில் உயரத்தைக் கையால் மாற்ற வேண்டியிருக்கும். குளிர்காலத்தில் ஈரப்பதப் பெட்டியின் ஆவி குழாயில் நீராகத் தேங்கி, களகளவென்று சத்தம் போட்டு மாஸ்க்கில் கொட்டும். மெஷினைக் கட்டிலுக்குக் கீழ்மட்டத்தில் வைத்து, குழாய்க்குத் துணியுறை போடுங்கள். ஈரப்பதத்தை ஒரு படி குறைப்பதும் உதவும். தட்டையான முகத்தில் மாஸ்க்கின் காற்று மூக்குத் தண்டின் பக்கம் கசியும். கண் வெளித்தள்ளிய க்ரூசான் பிள்ளைக்கு அந்தக் காற்று கருவிழியைக் காயவைத்துப் புண்ணாக்கும், அலட்சியம் வேண்டாம். ஒரே மாஸ்க்கை ஆண்டுக்கணக்கில் இறுக்கிக் கட்டினால் நடுமுகம் மேலும் பின்னடையலாம். வேறு வடிவ மாஸ்க்கை மாற்றி மாற்றிப் போடச் சொல்லிக் கேளுங்கள். மழைக்காலத்தில் மரம் விழுந்து கரண்ட் போனால் மாஸ்க்கை உடனே கழற்றுங்கள், மூச்சுவிட்ட காற்றே திரும்ப உள்ளே போகும். அதற்கென்று ஒரு பேட்டரி வாங்கி வைப்பது நல்லது.

படுக்கையறையில் கரியடுப்பு வைத்துக் குளிர் காய்வது கூடவே கூடாது. புகை மூக்கடைப்பைக் கூட்டும். கார்பன் மோனாக்சைடு ஏறினாலோ ஆக்சிமீட்டர் 97 என்று பொய்யாக நல்லபடியே காட்டும். தூக்கம் வரவைக்கும் சளி, இருமல் மருந்துகளையும் டாக்டரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள். தாடை சிறுத்த குழந்தையை ஒருக்களித்தோ குப்புறவோ படுக்கவைப்பது டாக்டர் சொன்னால் மட்டும், அதுவும் கண்காணிப்போடுதான்.

அண்ணப்பிளவு இருந்தால், மூக்குக்குப் பின்னால் உள்ள அடினாய்டு சதையை முழுதாக எடுக்கும் முன் பேச்சு மூக்கால் வழியுமா என்று கேளுங்கள். பாதி மட்டும் எடுக்கும் முறையும் உண்டு. எந்த அறுவைக்கும் முன் மயக்க மருந்து டாக்டரிடம் இந்த வீடியோவைக் காட்டுங்கள்.

மலைப்பாதையில் இறங்கும்போது கைக்குழந்தையின் தாடை நெஞ்சில் படியாமல் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். விழித்திருக்கும்போதே நெஞ்சு குழிந்தாலோ உதடு நீலமானாலோ கோவைவரை காத்திராமல் 108-ஐ அழையுங்கள். அருகிலுள்ள ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்த பிறகே கீழே இறங்க வேண்டும்.